தண்ணீர் விளிம்பில் நட்ட கம்பு

அந்தப் பெண் ஒரு கம்பை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மலையேறுகிறவர்கள் ஊன்றி நடக்கிற அலுமினியக் கம்பு. மேலே ரப்பர் கைப்பிடி, அதிலிருந்து வளையமாகத் தொங்கும் ஒரு துணி வார். கைப்பிடிக்குக் கீழே, தலைமுடி கட்டும் பச்சை ரப்பர் பேண்ட் ஒன்று இரண்டு சுற்றாக இறுகிக் கிடந்தது. அப்பாவின் உடைமைகள் என்று போலீஸ் திருப்பிக் கொடுத்தவை இந்தக் கம்பும், நாலு ஐம்பத்திரண்டில் நின்றுபோன ஒரு கைக்கடிகாரமும்தான் என்றாள்.

சர்வேயர் கடிகாரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மேஜைமேல் மெதுவாக வைத்தார். முப்பத்தைந்து வருஷம் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். எல்லைத் தகராறுகளில் யார் பொய் சொல்கிறார்கள் என்று அளவுநாடாவை வைத்தே கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர் பரவி, ஓய்வுக்குப் பிறகு நிலத்துக்குச் சம்பந்தமில்லாத வழக்குகளும் அவர் வீட்டு முன்னறைக்கு வரத் தொடங்கியிருந்தன. வழக்கு வரும்போதெல்லாம் தவறாமல் வந்து சேருகிற இன்னொருவர் அவருடைய மைத்துனர். போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். பேப்பர் படிக்க வந்ததாகச் சொல்வார், ஆனால் பேப்பரைப் பிரித்ததாகச் சரித்திரம் இல்லை.

அவள் சொன்னது இதுதான். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அவளுடைய அப்பாவை மலையேற்றச் சங்கத்தில் எல்லோரும் கேப்டன் என்பார்கள். வாரக் கடைசிகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பள்ளத்தாக்கில் இறங்கி, மடித்துத் தூக்கிப்போன ரப்பர் படகில் காற்றடித்து, ஆற்றோடு மிதந்து மறுபக்கம் வெளியேறுவது அவருக்கு முப்பது வருஷப் பழக்கம். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. மூன்று மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை நான்கு பேர் போனார்கள். கேப்டன், மகள், ஒரு பல் டாக்டரம்மா, ஒரு பேக்கரிக்காரர். மத்தியானம் மணல்திட்டில் ஒதுங்கினார்கள். மலைக்கு மேலே எங்கோ பெய்த மழை ஐந்து மணிக்குச் சற்று முன்னால் ஆற்றில் வெள்ளமாக வந்து இறங்கியது. கேப்டன் மூன்று பேரையும் பாறைமேல் ஏற்றிவிட்டார். படகு இல்லாவிட்டால் இவர்கள் அந்தப் பாறையிலிருந்து வெளியேற வழியில்லை என்று அதைப் பிடிக்கத் திரும்பி இறங்கினார். ஆறு அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

சங்கத்தின் விசாரணை அறிக்கையை அவள் நீட்டினாள். 'வழிகாட்டி மணல்திட்டில் உறங்கினார். நீர்மட்டத்தைக் கவனிக்கத் தவறினார்.' வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இது நிறைவேறப் போகிறது. அதன்பிறகு புது வழிகாட்டிகளின் பயிற்சியில் சேர்ந்துவிடும்.

"புதுசா வர்ற ஒவ்வொருத்தருக்கும் எங்கப்பாவை எப்படி இருக்கக் கூடாதுங்கறதுக்குப் பாடமா நடத்தப் போறாங்க, சார். ஆனா அவர் பார்த்தார். எந்திரிச்சதும் ஆத்தைத்தான் பார்த்தார். 'தண்ணி அப்படியே இருக்கு, டீ குடிச்சிட்டுக் கிளம்பலாம்'னார். நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"அவரோட எத்தனையாவது தடவைம்மா போறீங்க?"

அதுதான் முதல் தடவை என்றாள். அவளுக்குப் பதினைந்து வயதிலிருந்து அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பரீட்சை, வேலை, கல்யாணம், குழந்தை என்று அவளுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கிடைத்தது. கடைசியில் ஒருநாள் வருகிறேன் என்று சொன்னதும் மனிதர் ஒரு வாரம் வீட்டில் கால் தரையில் படாமல் நடந்தாராம்.

சர்வேயர் கம்பைக் காட்டி, அந்த ரப்பர் பேண்ட் யாருடையது என்று கேட்டார்.

"என்னுதுதான். எதையோ கட்டறதுக்குச் சுத்தினேன். சரியா ஞாபகம் இல்ல."

அவர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். அவள் போனதும் ஸ்டுடியோக்காரர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அறிக்கையின் மூன்றாம் பக்கத்தை அதற்குள் மேய்ந்திருந்தார். அன்று காலை வழியில் கேப்டனுக்கும் பேக்கரிக்காரருக்கும் எங்கே ஒதுங்குவது என்று வாக்குவாதம் நடந்ததாக அதில் ஒரு வரி இருந்தது.

"அத்தான், ஆளு கிடைச்சாச்சு."

"ஆறு கிடைக்கட்டும் மாப்பிள்ளை, முதல்ல" என்றார் சர்வேயர்.

அன்று சாயங்காலமே பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போனார்கள். கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு, கையுறையைக் கழற்றியபடியே அந்த அம்மாள் பேசினார். அறிக்கைக்கு வாக்குமூலம் கொடுத்ததில் அவருக்கு மனம் ஒப்பவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. கேப்டன் தூங்கி எழுந்து ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார், அதைத்தான் சொன்னேன், அவர்கள் அதை இப்படி எழுதிவிட்டார்கள் என்றார். அவர் தூங்கிய நேரத்தில் நீங்கள் மூவரும் எங்கே இருந்தீர்கள் என்று சர்வேயர் கேட்டார். பேக்கரிக்காரர் வளைவைத் தாண்டி அடுத்த நீர்ச்சரிவைப் பார்க்கப் போயிருந்தார். டாக்டரம்மா படம் எடுக்கப் பின்னால் இருந்த பாறைமேல் ஏறியிருந்தார். மகள் கீழே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மாவின் போனில் அன்றைய படங்கள் பத்திரமாக இருந்தன. ஸ்டுடியோக்காரர் அவற்றில் மூன்றைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு வந்தார். முதல் படம் இரண்டு முப்பத்தைந்துக்கு எடுத்தது. அப்பாவும் மகளும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் தண்ணீர் விளிம்பில் அந்தக் கம்பு நட்டிருக்கிறது, அதன் பக்கத்தில் இடுப்பில் வெள்ளைக்கோடு ஓடும் ஒரு கறுப்புப் பாறை. இரண்டாவது மூன்று நாற்பதுக்கு. பாறைமேலிருந்து தூங்கும் கேப்டனின் முகத்தையும் தோளையும் மட்டும் நெருக்கி எடுத்தது. மூன்றாவது நாலு இருபத்தைந்துக்கு. நாலு டீ குவளைகள் வரிசையாக மணலில் இருக்கின்றன. பின்னால் அதே பாறை, தண்ணீர் விளிம்பில் அதே கம்பு.

சனிக்கிழமை காலை பேக்கரிக்காரரே அவர்களைப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போனார். விடியற்காலை மாவு பிசைந்து அடுப்பில் ஏற்றிவிட்டு வந்த மனிதர், வழி நெடுக அதிகம் பேசவில்லை. இரண்டு மணி நேர இறக்கம். ஸ்டுடியோக்காரர் நகரத்துச் செருப்போடு வந்து இரண்டு இடத்தில் வழுக்கி, மூன்றாவது இடத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். இருந்தும் சந்தேகக் கண்ணைப் பேக்கரிக்காரர் முதுகிலிருந்து எடுக்கவே இல்லை. பாதி வழியில் பொறுக்க முடியாமல் அந்த வாக்குவாதத்தைப் பற்றிக் கேட்டும்விட்டார்.

பேக்கரிக்காரர் நின்றார். "திட்டு வேண்டாம், அடுத்த வளைவுல மேடா இடம் இருக்குன்னு நான்தான் சொன்னேன். 'பொண்ணு களைச்சுப் போயிருக்கா, இங்கேயே ஒதுங்குவோம்'னார். நான் விட்டுக்கொடுத்துட்டேன். விட்டுக்கொடுக்காம இருந்திருக்கலாம்."

அதன்பிறகு ஸ்டுடியோக்காரர் அவருடைய முதுகைப் பார்க்கவில்லை, பாதையைப் பார்த்து நடந்தார்.

கீழே ஆறு அன்றைக்குச் சாதுவாக ஓடியது. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச்சுவர், நடுவே நாக்கு போல நீண்ட மணல்திட்டு. பேக்கரிக்காரர் முதுகுப்பையைக் கூட இறக்கவில்லை. நேரே தண்ணீர் விளிம்புக்குப் போய், கையிலிருந்த கம்பை மணலில் ஊன்றி நட்டுவிட்டுத் திரும்பி வந்து, அதற்குப் பிறகுதான் பையை இறக்கினார்.

"அது எதுக்கு நட்டீங்க?" என்றார் சர்வேயர்.

பேக்கரிக்காரருக்குக் கேள்வியே புரியவில்லை. "எது? ஓ, கம்பா? தண்ணி ஏறுதா இறங்குதான்னு பார்க்க. வந்ததும் விளிம்புல நட்டுடுவோம். கம்பு தண்ணிக்குள்ள நின்னா ஆறு ஏறுதுன்னு அர்த்தம். உடனே மூட்டையைக் கட்டிடணும். இதெல்லாம் யாரும் சொல்லிக்க மாட்டோம், கை தானா செய்யும்."

"அப்ப கேப்டன் எழுந்து ஆத்தைப் பார்த்தார்னு சொல்றாங்களே..."

"கம்பைத்தான் பார்த்திருப்பார். நாங்க எல்லாருமே அப்படித்தான் பார்ப்போம்."

"புதுசா வர்றவங்களுக்குச் சொல்வீங்களா?"

பேக்கரிக்காரர் யோசித்தார். புதியவர்களிடம் வெள்ளம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்பது கேப்டன் வைத்த வழக்கம். பயந்துவிட்டால் அவர்கள் மறுபடி வர மாட்டார்கள். போகப்போகத் தாங்களாகவே தெரிந்துகொள்வார்கள். மகளுக்கு அவர் சொல்லியிருப்பார் என்றுதான் நினைத்தேன் என்றார். பிறகு, டாக்டரம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பார் என்று சேர்த்துக்கொண்டார்.

பேக்கரிக்காரர் அடுப்பு மூட்டப் போனதும் சர்வேயர் அச்சடித்த படங்களை எடுத்துக்கொண்டு அந்தக் கறுப்புப் பாறையிடம் போனார். முதல் படத்தில் வெள்ளைக்கோடு தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் இருந்தது. மூன்றாவது படத்தில் தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் அளவுநாடாவை விரித்து மணலின் சரிவை அளந்தார். தண்ணீர் ஒரு சாண் ஏறினால் விளிம்பு பதினோரு அடி உள்ளே வந்துவிடும், அவ்வளவு தட்டையான திட்டு அது.

"ரெண்டு படத்துலயும் கம்பு விளிம்புலதான் இருக்கு" என்றார். "ஆனா விளிம்பு பதினோரு அடி நகர்ந்திருக்கு. நட்டது நட்டபடி இருந்திருந்தா, நாலு இருபத்தஞ்சுக்குக் கம்பு தண்ணிக்குள்ள நிக்கணும். கேப்டன் பார்த்தார் மாப்பிள்ளை. பார்க்க வேண்டியதைத்தான் பார்த்தார். கம்பு இடம் மாறியிருக்கு. அதை நம்பித்தான், கிளம்ப அரைமணி நேரம் இருந்தும் டீ போடச் சொல்லியிருக்கார்."

ஸ்டுடியோக்காரருக்கு உடம்பெல்லாம் உற்சாகம். நடுப்படத்தைப் பிடுங்கி வெயிலில் பிடித்தார். ராத்திரி அச்சடிக்கும்போதே இதில் ஏதோ உறுத்தியது, இப்போது பிடிபட்டுவிட்டது என்றார்.

"நிழல், அத்தான். சுத்துமுத்தும் பாருங்க, இங்க ஒரு மரம் உண்டா? மூணு நாப்பது வெயில். தோள்ல வெயில் அடிக்குது, மணல்ல அடிக்குது, முகத்துல மட்டும் நிழல். ஏதோ துணியோட நிழல், ஓரத்துல குஞ்சம்கூடத் தெரியுது. அதுக்கு மேல நேரா ஒரு கோடு. கோட்டு நுனியில பாருங்க, வளையம். கம்போட வார் அது. கம்பு அப்ப ஆத்தோரத்துலயே இல்ல. இவர் தலைமாட்டுல யாரோ நட்டு, துணியைக் கட்டி நிழல் பிடிச்சிருக்காங்க. பேக்கரிக்காரர் வளைவுக்கு அந்தப்பக்கம், டாக்டரம்மா கேமராவுக்குப் பின்னாடி, இவரோ தூக்கத்துல. அப்ப மிச்சம் இருக்கறது..."

அவர் நிறுத்திக்கொண்டார். பச்சை ரப்பர் பேண்ட் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. கண்டுபிடித்த சந்தோஷம் முகத்திலிருந்து வடிந்துபோக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அந்தப் பொண்ணுக்குக் கம்பு எதுக்குன்னே தெரியாது" என்றார் சர்வேயர். "தண்ணி ஓரத்துல இருந்துச்சு, எடுத்திருக்கா. அப்பா எழுந்திரிக்கறதுக்குள்ள திரும்பக் கொண்டுபோய்த் தண்ணி ஓரத்துலயே நட்டிருக்கா. எடுத்த இடத்துல வெச்சுட்டதா நினைச்சிருப்பா."

படங்களைச் சேர்த்து அளவுநாடாவைச் சுருட்டினார். எடுத்த வழக்கு எதையும் சர்வேயர் பாதியில் விட்டதில்லை. இதை எடுத்திருக்கவே வேண்டாம் என்று அன்றைக்கு முதல்முறையாக நினைத்தார்.

மேலே ஏறி வந்ததும் நேராக அவள் வீட்டுக்குப் போனார்கள். சின்ன வீடு. அவளுடைய குழந்தை கூடத்தில் தாத்தாவின் பழைய முதுகுப்பையை மாட்டிக்கொண்டு நடைபோட்டுக்கொண்டிருந்தது. சர்வேயர் உட்காராமலே பேசினார். உண்மை கிடைத்துவிட்டது, அது அப்பாவின் பெயரைக் காப்பாற்றும், ஆனால் உங்களுக்கு அது நல்லதாக இருக்காது, இத்துடன் நிறுத்திக்கொள்ளச் சொன்னால் நிறுத்திக்கொள்கிறேன் என்றார்.

அவள் குழந்தையின் தோளிலிருந்து பையைக் கழற்றினாள். "நிறுத்திட்டா அந்த வரி அப்படியே இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப நாளைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லுங்க சார். என்கிட்ட இப்ப சொல்ல வேண்டாம். சொன்னா ஒருவேளை நிறுத்திடுங்கன்னு சொல்லிடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்தின் அறையில் கூடினார்கள். சுவரில் பழைய வரைபடங்கள், மூலையில் மடித்து அடுக்கிய படகுகள், எல்லாவற்றிலும் ஈர ரப்பரின் வாசனை. அறிக்கையை எழுதிய செயலாளர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கண்டிப்பான மனிதர், கேப்டனிடமே மலையேறக் கற்றுக்கொண்டவர். டாக்டரம்மாவும் பேக்கரிக்காரரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில். மகள் கதவோரமாக, கம்பு மடியில்.

சர்வேயர் முதல் படத்தையும் மூன்றாவது படத்தையும் மேஜையில் வைத்தார். பாறையின் வெள்ளைக்கோட்டைக் காட்டினார், பதினோரு அடிக் கணக்கைச் சொன்னார். கேப்டன் தவறவில்லை, அவர் நம்பிய அடையாளம் இடம் மாறியிருந்தது என்று முடித்தபோது, செயலாளர் படங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இதே படங்களை அவரும் பார்த்திருக்கிறார். கம்பு நட்டபடி விளிம்பில் இருக்கிறது, அதன்பிறகு தண்ணீர் ஏறியதை மனிதர்தான் பார்க்கவில்லை என்று முடிவு கட்டியிருக்கிறார். பாறையை அவரும் பார்க்கவில்லை.

"யார் நகர்த்தினது?" என்றார்.

"அதைத்தான் சொல்ல வந்தேன். கம்பு எதுக்குன்னு தெரியாத ஒருத்தர். அவங்களுக்குத் தெரியாததுக்குக் காரணம், இந்த அறையில தெரிஞ்ச அத்தனை பேரும் மத்தவங்க சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சது. கேப்டனும் பயமுறுத்த வேண்டாம்னு சொல்லாம விட்டுட்டார். யாருன்னு பேர் இல்லாமலே அறிக்கையை மாத்த முடியும்."

நடுப்படத்தை அவர் வெளியே எடுக்கவே இல்லை. அது ஸ்டுடியோக்காரரின் பைக்குள் இருந்தது, அவர் அந்தப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் அவள் கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரப்பர் பேண்டை ஒரு விரலால் மெதுவாக உருட்டினாள். எதற்காகச் சுற்றினோம் என்பது அவளுக்கு ஞாபகம் வந்துகொண்டிருந்ததை அறையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். யாராலும் அதைத் தடுக்க முடியவில்லை.

"அவர் முகத்துல வெயில் அடிச்சுது" என்றாள். "என் துப்பட்டாவைக் கட்டினேன். ஒரு மணி நேரம் அசையாம தூங்கினார். எழுந்திரிக்கப் போறார்னு தெரிஞ்சதும் கொண்டுபோய் வெச்சுட்டேன். தண்ணி ஓரமாத்தானே இருந்துச்சு, அங்கேயே வெச்சேன்."

டாக்டரம்மா எழுந்து போய் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். அந்த நிழலைப் படம் எடுத்தும் துணியை எது தாங்கி நின்றது என்று நான் கவனிக்கவில்லை, நாங்கள் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஒரே ஒரு வார்த்தை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பேக்கரிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். செயலாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார். பழைய வரியை அடித்துவிட்டு, 'காரணம் தெரியவில்லை' என்று போட்டுவிடலாமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வேண்டாம்" என்றாள் அவள். "அவர் பார்த்தார்னு எழுதுங்க. கம்பை மக எடுத்தாள்னு எழுதுங்க. அது எதுக்குன்னு அவளுக்குத் தெரியாதுன்னும் எழுதுங்க. புதுசா வர்றவங்களுக்குப் பாடம் நடத்தணும்னா அதை நடத்துங்க."

செயலாளர் அவள் சொன்னதை அப்படியே எழுதினார். அதன் கீழே, கம்பு நடும்போதே அது எதற்கு என்று கூட வந்த எல்லோருக்கும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்த்தார். முப்பது வருஷமாக அந்தச் சங்கத்தில் இல்லாத விதி. எழுதி முடித்ததும் கீழே கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து நடக்கும்போது ஸ்டுடியோக்காரர் தானாகவே பேச்செடுத்தார். அந்த நிழலை நான் பார்த்திருக்கவே கூடாது அத்தான் என்றார். நீ பார்க்காவிட்டாலும் நான் பார்த்திருப்பேன் என்று சர்வேயர் சொன்னார். அது ஆறுதலுக்குச் சொன்னதா, உண்மையா என்று ஸ்டுடியோக்காரர் கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்து அவள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். சர்வேயரும் அங்கே இருந்தார். அப்பா தூங்குகிற படம் ஒன்று இருப்பதாக டாக்டரம்மா சொன்னார்கள், பார்க்கலாமா என்றாள். ஸ்டுடியோக்காரர் அத்தானைப் பார்த்தார். சர்வேயர் தலையசைத்தார்.

அவள் படத்தை மேஜைமேல் வைத்துக் குனிந்து பார்த்தாள். தோளில் வெயில். மணலில் வெயில். மூடிய கண்களுக்கும் லேசாகத் திறந்திருந்த வாய்க்கும் மேலே துப்பட்டாவின் நிழல் ஒழுங்காக விழுந்திருந்தது. அதன் ஓரத்துக் குஞ்சம் நெற்றிவரை வந்திருந்தது. அவள் அந்த நிழலின் விளிம்பைத் தொட்டாள்.

"நல்லாத் தூங்கியிருக்கார், இல்ல?" என்று கேட்டாள்.

"நல்லாத் தூங்கியிருக்கார்மா" என்றார் சர்வேயர்.